மறதி நோய் வந்த பெரியவரை இல்லத்தில் விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை



சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு என்று குழு விஷயங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் வீட்டு விஷயம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு நம்மில் பலர் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் விஷயம். அதனால்தான் பாடமாகவே எழுதுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு. மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா 15,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டபோது, "வீட்டுச் செலவுக்கு" என்றார். மறுபடி கேட்டதும் அழுதுவிட்டார்.

"எங்கம்மாவ ஒரு இல்லத்துல விடணும்க்கா. முன்பணம் கேக்குறாங்க. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது. கதவத் தொறந்துகிட்டு ரோட்டுக்குப் போயிடுது. சாப்பிட்டத மறந்துட்டு, மக சோறு போடலன்னு தெருவுல சொல்லுது. பருத்தி எடுக்கப் போற அன்னிக்கு கால கட்டில்ல கட்டிப்போட்டுட்டுத்தான் போறேன். எனக்கு வேற வழி தெரியல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர், "பெத்த தாயக் கொண்டுபோய் விடுறதா? ஊரு என்னா சொல்லும்?" என்றார். உடனே இன்னொருவர், "ஊரா ராத்திரி முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

அந்தக் குழு கடனை மறுக்கவில்லை. உடனே கொடுக்கவும் இல்லை. முதலில் அம்மாவை டாக்டரிடம் காட்டுவது, பிறகு அந்த இல்லத்தைக் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்ப்பது, அதற்குப் பிறகு கடன் என்று தீர்மானம் போட்டார்கள். நாங்களும் கூடப் போனோம். அப்போது கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம்.

இது வெறும் வயசு மறதியா?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் உண்டு. சாவி எதற்கு என்பதே தெரியாமல் போனால் அது நோய். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள். நாம் மறதி நோய் என்று சொல்லலாம். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதால் வருகிறது. பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வருவது அல்சைமர் என்ற வகை. 1906ல் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் முதன்முதலில் இதை விவரித்ததால் அந்தப் பெயர்.

இது பேய், சாபம், மருமகள் கொடுமை எதுவும் இல்லை. 2023ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், மொத்தம் சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். அதாவது நம் வீடுகளில்தான் அதிகம்.

முதலில் டாக்டர், பிறகுதான் இல்லம்

எல்லா மறதியும் தீராத மறதி இல்லை. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டுவது, சில மாத்திரைகள், இவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் போனால் சிறுநீரில் கிருமி, காய்ச்சல், சர்க்கரை தாழ்வது போன்ற காரணம் இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் எங்கே பார்க்கிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் சொல்லி வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு இருந்தது மறதி நோய்தான். ஆனால் சிறுநீரில் கிருமியும் சேர்ந்திருந்தது. இராத்திரி ஆர்ப்பாட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மருந்து கொடுத்ததும் பத்து நாளில் இரவுத் தூக்கம் ஓரளவு வந்தது. டாக்டரைப் பார்க்காமல் இல்லத்தில் விட்டிருந்தால், அங்கே தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருப்பார்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?

முடிகிற வரை வீடுதான் நல்லது. பழகிய வாசல், பழகிய குரல், பழகிய சாப்பாடு இவையே அவர்களுக்கு மருந்து. அந்த அக்கா செய்த சில காரியங்கள்:

- கதவுத் தாழ்ப்பாளை அம்மாவின் கண் போகாத உயரத்தில் மாற்றினார்.
- கேஸ் சிலிண்டரைச் சமையல் முடிந்ததும் மூடினார். பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கிணற்றுப் பக்கம் வேலி போட்டார்.
- பெயர், ஊர், போன் நம்பர் எழுதிய துணிப்பட்டையை அம்மாவின் ரவிக்கையில் தைத்தார். டீக்கடை, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை எல்லா இடத்திலும் சொல்லி வைத்தார்.
- "இப்பத்தான சாப்ட?" என்று சண்டை போடுவதை விட்டார். "இதோ ஆவுது, கொஞ்சம் மல்லாட்டை உரிச்சிக் குடு" என்று பேச்சை மாற்றினார்.
- பொழுது சாயும் நேரத்தில்தான் இவர்களுக்குப் பதற்றம் கூடும். அந்த நேரம் விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குழுவில் மூன்று பேர், வேலை இல்லாத நாளில் முறை வைத்து அம்மாவைப் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஆறு மாதம் ஓடியது. பிறகு அம்மாவுக்கு மலம், சிறுநீர் போவதே தெரியாமல் போனது. தூக்கி உட்கார வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அக்காவுக்கு இடுப்பு போய்விட்டது. கூலிக்குப் போகாமல் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்தக் கட்டத்தில் இல்லத்தைத் தேடுவது பாவம் இல்லை. பார்க்காமல், கேட்காமல் கொண்டுபோய் விடுவதுதான் தவறு.

மறக்கக் கூடாத இரண்டு சம்பவங்கள்

ஒன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, மனநலம் பாதித்தவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. குணமாகட்டும் என்று நம்பி விட்ட குடும்பங்கள்தான்.

இரண்டு, விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர். அங்கே நடந்த ஓர் ஆசிரமத்தில் 2021 டிசம்பரில் ஒரு முதியவரைச் சேர்த்தார்கள். பிறகு தேடிப் போனபோது, பெங்களூரில் வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கேயும் அவர் இல்லை. குடும்பம் உயர்நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனை போட்டபோது, உரிய அனுமதி இல்லாமல் நடந்தது தெரிந்தது. 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்கு மாறியது.

முதல் சம்பவம் சொல்வது: கட்டிப்போடும் இடத்தில் விடாதே. இரண்டாவது சொல்வது: விட்ட பிறகு போய்ப் பார்க்காமல் இருக்காதே. வீட்டில் நாம் கயிற்றால் கட்டினாலும் ஆபத்து ஒன்றுதான். தீ வந்தாலும் பாம்பு வந்தாலும் அவர்களால் எழுந்து ஓட முடியாது.

இல்லத்தில் என்ன பார்க்க வேண்டும்?

சாதாரண முதியோர் இல்லங்கள் பல, தானே நடந்து தன் வேலையைத் தானே செய்கிறவர்களைத்தான் சேர்ப்பார்கள். மறதி நோய்க்கென்றே நடத்தும் இல்லங்கள் பெரும்பாலும் சென்னை போன்ற பெரிய ஊர்களில்தான் உள்ளன. அதனால் நோயை மறைத்துச் சேர்க்காதீர்கள். உண்மையைச் சொல்லி, "இப்படிப்பட்டவங்கள நீங்க பாத்துக்குவீங்களா? இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று கேளுங்கள்.

1. பதிவு. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய் அந்த இல்லத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். மனநலம் பாதித்தவர்களையும் வைத்திருக்கும் இல்லமானால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும்.

2. உள்ளே போய்ப் பாருங்கள். முதலில் 15,000 கேட்ட இல்லத்தில் ஆபீஸ் அறை கண்ணாடி போல இருந்தது. சாமி படம், பூச்சாடி, காபி எல்லாம் கிடைத்தது. "உள்ள இன்ஃபெக்ஷன் ஆயிடும், போகக்கூடாது" என்றார்கள். குழுவிலிருந்து வந்த அக்கா, "கைகால் கழுவிட்டு வர்றோம்" என்று எழுந்துவிட்டார். பாத்ரூம் போகிற வழியில் கூடத்தை எட்டிப் பார்த்தோம். சாயங்காலம் நாலு மணி. பதினெட்டுப் பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிவி மட்டும் ஓடியது.

3. பகலில் எல்லோரும் தூங்கினால் கேளுங்கள். "என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது?" தொந்தரவு இல்லாமல் இருக்கவே மயக்க மாத்திரை கொடுக்கும் இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட மாத்திரையால் பெரியவர்கள் விழுவதும், பக்கவாதம் வருவதும், இறப்பதும் கூடும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது.

4. கட்டுவீர்களா? நேராகக் கேளுங்கள். மனநல இல்லங்களில் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கட்டில் காலில் துணி முடிச்சு இருக்கிறதா, மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

5. ஆள் எத்தனை? பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரவில் நாற்பது பேருக்கு ஒரே ஆள் என்றால் அம்மா விழுந்தால்கூடத் தெரியாது. பெண்களைக் குளிப்பாட்ட, துணி மாற்றப் பெண் பணியாளர் உண்டா என்றும் கேளுங்கள்.

6. மூக்கை நம்புங்கள். மூத்திர வாடை கடுமையாக இருந்தால் துணி மாற்றவில்லை என்று அர்த்தம். பினாயில் நெடி மட்டும் தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

7. சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தானே சாப்பிட முடியாதவருக்கு யார் ஊட்டுகிறார்கள்? உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுக்க வைத்தா? படுத்தபடி ஊட்டினால் புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். தட்டை வைத்துவிட்டு, பிறகு அப்படியே எடுத்துப் போகிறார்களா என்று கவனியுங்கள்.

8. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பாருங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? முதுகு, இடுப்பு, குதிகாலில் புண் இருக்கிறதா?

9. ஆபத்து நேரம். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்? நமக்கு எப்போது போன் வரும்? தீப்பிடித்தால் வெளியே வர இரண்டாவது வழி உண்டா? ஜன்னல், கதவுக்கு இரவில் பூட்டு போட்டால் சாவி யாரிடம்?

10. பேசும் விதம். பணியாளர் பெரியவரைப் பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா? "ஏய் கெழவி" என்கிறாரா? இரண்டாவதாகப் பார்த்த இல்லம் அவ்வளவு பளபளப்பாக இல்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் ஒரு ஆயாம்மா தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். "இது கொஞ்சம் கோவக்காரப் பாட்டி. பூ வச்சா அடங்கிடும்" என்றார். அந்தப் பாட்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு தடவை சொல்லாமல் போங்கள். சொல்லாமல் போனதற்கு வாசலிலேயே கோபப்படும் இடம் நமக்கு வேண்டாம்.

பணமும் கையெழுத்தும்

மாதக் கட்டணத்தில் என்னென்ன சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மருந்து, டயப்பர், டாக்டர் கட்டணம், வண்டிச் செலவு தனியாக வந்தால் மாதக் கணக்கு எங்கேயோ போய்விடும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத்தான். இல்லத்து மாதக் கட்டணத்துக்கு அது உதவாது.

அம்மாவின் ஆதார், பென்ஷன் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு அசலை இல்லத்தில் கொடுக்காதீர்கள். நகல் போதும். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்க விடாதீர்கள். "வீட்ட எழுதிக் குடுத்தா கடைசி வரைக்கும் பாத்துக்குறோம்" என்று சொல்லும் இடத்தின் வாசலை மிதிக்காதீர்கள்.

செலவு ஒருத்தர் தலையில் மட்டும் விழக் கூடாது. அந்த அக்காவின் அண்ணன் நிலத்தை வாங்கிக்கொண்டு, "நீதான பாத்துக்குற, நீயே பாரு" என்று ஒதுங்கியிருந்தார். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, ஆர்.டி.ஓ. என்று நாம் சொல்லும் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையத்தில் அந்த அலுவலகங்கள் இருக்கின்றன. பெற்றவர் தானே மனுப் போட முடியாத நிலையில் இருந்தால், அவருக்காக வேறு ஒருவரோ ஓர் அமைப்போ போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவு போட அச்சட்டத்தில் இடம் உண்டு. பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டுச் சொத்தை எழுதி வாங்கி, பிறகு பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யவும் கேட்கலாம். பெரியவரைக் கைவிட்டு ஓடினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மனு எழுதிக் குழுவிலிருந்து நாலு பேர் அண்ணன் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினார்கள். மனுவை ஆபீசில் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார்.

பணமே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஆதரவற்ற முதியோருக்கான இலவச இல்லங்கள் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இலவசம். இலவச இல்லம் என்றாலும் மேலே சொன்ன பத்தையும் பார்த்தே ஆக வேண்டும். காசு வாங்காத இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

சேர்த்த பிறகுதான் நம் வேலை

அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எந்தப் பக்கம் படுப்பார், என்ன மாத்திரை. பழைய போர்வையையும் புழங்கிய டம்ளரையும் கூட அனுப்புங்கள். முதல் சில வாரம் அழுவார், வீட்டுக்குப் போகணும் என்பார். அது நம்மைத் திட்டுவது இல்லை.

போகும்போதெல்லாம் உடம்பைப் பாருங்கள். எடை குறைந்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, முதுகில் புண் இருக்கிறதா, கையில் கன்றிய தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். நம்மிடம் கேட்காமல் வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்று சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள்.

அந்தக் குழு 15,000 கடனைக் கொடுத்தபோது தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்த்தார்கள்: "மாதம் ஒரு முறை உறுப்பினர் இருவர் இல்லத்துக்குச் சென்று அம்மாவைப் பார்த்து வந்து கூட்டத்தில் சொல்ல வேண்டும்." மூன்றாவது மாதம் போனவர்கள் அம்மாவின் இடுப்பில் சிவந்த தடத்தைப் பார்த்தார்கள். அன்றே கேட்டார்கள். திருப்பிப் படுக்க வைக்கும் நேரத்தை எழுதும் அட்டை கட்டிலில் தொங்கியது. புண் ஆகாமல் ஆறிவிட்டது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. கடனில் இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி. அம்மாவுக்கு மகளை அடையாளம் தெரிவதில்லை. "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்கிறார். அக்கா, "உங்க வூட்டுப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன இட்லியைப் பிட்டு ஊட்டுகிறார். அன்றைக்கு ஊரைப் பற்றிப் பேசிய மூத்த உறுப்பினர்தான், முறை வரும் மாதங்களில் முதலில் பஸ் ஏறுகிறார்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் யார் வீட்டில் மறதி உள்ள பெரியவர் இருக்கிறார்? டாக்டரிடம் காட்டியாயிற்றா?
2. அவரைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு கொடுக்க நம்மால் முடியுமா? யார் யார் முறை எடுப்பது?
3. நமக்குத் தெரிந்த யாராவது இல்லத்தில் இருக்கிறார்களா? கடைசியாக அவரை யார், எப்போது போய்ப் பார்த்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், இந்த மாதமே இரண்டு பேர் கிளம்புங்கள்.